கல்யாண வீடியோவுக்கு மெமரி கார்டு: பெங்களூரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு

அல்சூர் பக்கம் ஒரு கல்யாண சத்திரம். காலை ஆறரை முகூர்த்தம். தாலித் தட்டு பெரியவர்கள் கையில் ஒரு சுற்று போய் மேடைக்குத் திரும்பிவிட்டது. தவில்காரர் ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து என் கேமராத் திரையில் சிவப்புப் புள்ளி மறைந்தது. கார்டின் எழுதும் வேகம் போதவில்லை, பதிவு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. மறுபடி அழுத்தினேன். இருபது விநாடி ஓடி நின்றது. மூன்றாவது முறை பதிவு நிலைத்தபோது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு முடித்து, நாத்தனார் குனிந்திருந்தார்.

பெண்ணின் அப்பாவிடம் அன்று மதியமே உண்மையைச் சொன்னேன். "பரவாயில்லப்பா, போட்டோ இருக்குதில்ல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் கார்டு போலி இல்லை. முந்தைய நாள் மாலை ரிசப்ஷன் முழுக்க அதில்தான் எடுத்தேன், ஒரு தடங்கலும் வரவில்லை. வாங்கும்போது கடைத் தம்பி, "இதுல 200 ஸ்பீடு இருக்குணா, எந்தக் கேமராவுக்கும் ஓடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கார்டின் மேலும் 200 என்றுதான் இருந்தது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இந்த ஊருக்குப் புதிதாக வந்து கேமராவோடு தொழிலில் இறங்குகிற உங்களுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கார்டுக்கு முன்னால் கேமராவின் ஸ்லாட்டைப் பாருங்கள்

கேமராவின் கையேட்டில் மெமரி கார்டு பற்றிய பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு ஸ்லாட்டும் எந்த வகை என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்லாட்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்க வேண்டாம். யுஎச்எஸ் என்பது எஸ்டி கார்டின் வேக வகை, 1-ஐவிட 2 வேகமானது. சோனி ஏ7 த்ரீயில் முதல் ஸ்லாட் யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1தான். கேனான் ஆர்5, நிக்கான் இசட்8, ஃபியூஜி எக்ஸ்-எச்2 மூன்றிலும் ஒன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி (எஸ்டியைவிட வேகமான வேறு வகைக் கார்டு), மற்றது எஸ்டி. நிக்கான் இசட்9-இல் இரண்டுமே பி. சோனி ஏ7எஸ் த்ரீ, எஃப்எக்ஸ்3 போன்றவற்றின் ஸ்லாட்டில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் ஏ கார்டும் போகும், எஸ்டியும் போகும்.

ஏ வகை சிறியது, பி பெரியது. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் தவறான வகையை வாங்கி, கவரைப் பிரித்தும் விட்டுக் கடையில் மல்லுக்கு நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். பழைய நிக்கான் இசட்6, இசட்7 செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை எக்ஸ்க்யூடி என்ற பழைய வகைக் கார்டுக்காக வந்தவை. சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி அதே அளவுதான், ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவின் உள் மென்பொருளை, புதுப்பித்த பிறகுதான் கேமரா அதைப் படிக்கும்.

எஸ்டி கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரே வரிசைப் பின் என்றால் யுஎச்எஸ்-1, இரண்டு வரிசை என்றால் யுஎச்எஸ்-2. முதல் வகைக்கு விநாடிக்கு 104 மெகாபைட் உச்ச வரம்பு, இரண்டாவதற்கு 312. யுஎச்எஸ்-2 கார்டை யுஎச்எஸ்-1 ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், வேகம் மட்டும் பழைய வரம்போடு நின்றுவிடும். கொடுத்த கூடுதல் காசுக்குப் பலன் இல்லை.

2. உங்கள் மோடுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

மோடு என்பது கேமரா மெனுவில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வீடியோ பதிவு முறை. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என் தவறு இங்கேதான் நடந்தது.

கேமரா மெனுவில் வரும் 100, 200, 400, 600 எல்லாம் மெகாபிட் கணக்கு. கார்டில் அச்சிட்டிருப்பது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் மெனுவில் உள்ள எண்ணை எட்டால் வகுக்க வேண்டும்.

100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட். 200 என்றால் 25. 400 என்றால் 50. சோனியில் 4கே-யை ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கிப் பதிவது) முறையில் விநாடிக்கு 60 ஃபிரேம் வைத்தால் 600 மெகாபிட், அதாவது 75 மெகாபைட். கேனான் ஆர்5-இன் 8கே ரா (சென்சாரின் மூலத் தரவைப் பதியும் மோடு) சுமார் 2,600 மெகாபிட். வகுத்தால் 325 மெகாபைட், எஸ்டியின் உச்ச வரம்பையே தாண்டிவிடுகிறது. அதனால்தான் அந்த மோடு சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டில் மட்டும் ஓடுகிறது.

அடுத்து, கார்டில் சிறிதாக அச்சிட்டிருக்கும் வி எழுத்தையும் அதன் பக்கத்து எண்ணையும் தேடுங்கள். வி30 என்றால் வீடியோ எழுதும்போது வேகம் விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்று உத்தரவாதம். வி60, வி90-க்கும் இதே பொருள். வீடியோக்காரருக்குத் தேவை இந்தக் குறைந்தபட்ச எண்தான்.

பெரிய எழுத்தில் முன்னால் அடித்திருக்கும் 170, 200, 300 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யும்போது மட்டும் வருவது, அதுவும் மிகச் சாதகமான நிலையில். யுஎச்எஸ்-1 கார்டில் 170, 200 என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வகையின் வரம்பே 104. அதற்கு மேலான வேகம் அந்தந்தக் கம்பெனியின் தனி ரீடரில் மட்டும் கிடைக்கும், கேமராவுக்குள் கிடைக்காது.

என் கதைக்கு வருகிறேன். நான் வைத்திருந்த மோடு 400 மெகாபிட், தேவை 50 மெகாபைட். கார்டு வி30. ரிசப்ஷனில் எடுத்தவை எல்லாம் பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் கார்டுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. முகூர்த்தத்துக்கு நிறுத்தாமல் ஓடவிட்டேன். பாதி நிறைந்திருந்த கார்டு ஒரு கட்டத்தில் 50-க்குக் கீழே இறங்கியது, கேமரா நிறுத்திக்கொண்டது. கார்டு தன் வாக்கை மீறவே இல்லை. அது 30-க்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தது.

ஆக, 200 மெகாபிட் வரை வி30 போதும். 400-க்கு வி60. 600-க்கு வி90 அல்லது சிஎஃப்எக்ஸ்பிரஸ். கையேட்டில் ஒவ்வொரு மோடுக்கும் எந்த வகுப்பு என்று அட்டவணை இருக்கும். அது என் கணக்கைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதன்படியே செய்யுங்கள்.

சிஎஃப்எக்ஸ்பிரஸில் வி எண்ணுக்குப் பதிலாக விபிஜி 200, விபிஜி 400 என்ற முத்திரையைத் தேடுங்கள். விநாடிக்கு 200 அல்லது 400 மெகாபைட் குறையாது என்ற அதே மாதிரி உத்தரவாதம். முத்திரை இல்லாத கார்டுகளில் பெட்டியின் மேல் 1,700 என்று பெரிதாக இருக்கும். முதல் சில ஜிபி அந்த வேகத்தில் போகும், பிறகு உள்ளே கேஷ் எனும் வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் சரிந்துவிடும். தொடர்ந்து எழுதும் வேகம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா பாருங்கள். சொல்லாத கார்டை 8கே-க்கு நான் வாங்க மாட்டேன். நீங்களும் வாங்காதீர்கள்.

போட்டோ மட்டும் எடுப்பவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. கல்யாணத்தில் அட்சதை விழும் அந்த ஐந்து விநாடியை கேமராவின் பஃபரே (கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) தாங்கிக்கொள்ளும். வார இறுதியில் கபினி காட்டுக்குப் போய் பறக்கும் பறவையை விநாடிக்கு 20 படம் வீதம் எடுப்பவர் என்றால் கதை வேறு. பஃபர் நிரம்பியபின் அது காலியாகும் வேகம் கார்டின் எழுதும் வேகத்தைப் பொறுத்தது. அவர்களுக்கு சிஎஃப்எக்ஸ்பிரஸ் செலவு நியாயமானது.

3. எத்தனை ஜிபி, எவ்வளவு பணம்

200 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. 400-இல் 180. 600-இல் 270. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து மூன்று மணி நேரம் ஓடவிடுகிறீர்கள், மோடு 200 மெகாபிட் என்றால் 270 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவதாக வைத்துக்கொண்டால் அதைப் போல இரண்டு மடங்கு கார்டு வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடுபவர்கள்தான் சாப்பாட்டுப் பந்தி நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டைக் காலி செய்கிறார்கள். அவசரத்தில் காப்பி முடியாத கார்டை ஃபார்மேட் செய்துவிடும் விபத்து அப்போதுதான் நடக்கிறது.

கடைசியாக நான் விலை விசாரித்தபோது 128 ஜிபி வி30 கார்டு இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. வி60 ஐந்திலிருந்து ஏழாயிரம். வி90 பதினான்காயிரத்துக்கு மேல். சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி, 512 ஜிபி, பிராண்டைப் பொறுத்து இருபதிலிருந்து முப்பத்தைந்தாயிரம். ஃபிளாஷ் சிப் விலை ஏறி இறங்குவதால் இவை மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் வாரத்தில் மூன்று இடத்தில் கேளுங்கள். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்தால் வி90 நூறு ரூபாயைத் தாண்டுகிறது, பி வகை நாற்பதிலிருந்து எழுபதுக்குள் நிற்கிறது. வேகமும் பல மடங்கு. அதனால் உங்கள் கேமராவில் பி ஸ்லாட் இருந்தால் வி90-இல் பணத்தைப் போடாதீர்கள். முக்கியப் பதிவு பி கார்டில், எஸ்டி ஸ்லாட்டில் குறைந்த மோடுக்கு ஒரு வி60 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எஸ்டி ஸ்லாட் மட்டும் உள்ள கேமராவுக்கு என் யோசனை வேறு. மோடை 200 மெகாபிட்டுக்கு இறக்கி, கணக்குப்படி வி30 போதும் என்றாலும் நல்ல வி60 கார்டு நான்கு வாங்குங்கள். கல்யாண ஆல்பம் டிவியில் பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும். ஒரே 512 கார்டில் முழுக் கல்யாணத்தையும் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று போனால் எல்லாம் போகும்.

4. எங்கே வாங்குவது, என்ன காகிதம் கேட்பது

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போகலாம். மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோவுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட், அங்கிருந்து நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தமிழில் பேசினால் புரிந்துகொள்பவர்கள் நிறைய. அங்கே கார்டு கிடைக்கும், ஆனால் வி90, சிஎஃப்எக்ஸ்பிரஸ் எல்லாக் கடையிலும் இருக்காது. அவற்றுக்குக் கேமரா விற்கும் கடையோ, கார்டு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரோதான் சரி. ஆன்லைனில் வாங்கினால் பொருளின் படத்தைவிட விற்பவர் பெயரைக் கவனியுங்கள். ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். சில நூறு ரூபாய் குறைவு என்று பெயர் தெரியாதவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கடையில் முதல் கேள்வி இப்படி வரும்: "பில் வேணுமா, பில் இல்லாம வேணுமா?" கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 12,000 ரூபாய்க் கார்டுக்கு 2,160. மிச்சப்படுத்தத் தோன்றும். பில் இல்லாத கார்டுக்கு வாரன்ட்டி கேட்க முடியாது, புகார் கொடுக்க முடியாது. நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள், அந்த 2,160-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் வெறுமனே "மெமரி கார்டு 1" என்று எழுதவிடாதீர்கள். பிராண்ட், மாடல், ஜிபி, சீரியல் எண் எல்லாம் வர வேண்டும்.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவை இருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டாயம். இந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி வேறு வழியில் வந்த சரக்கு. கார்டு அசலாகவே இருக்கலாம், ஆனால் இந்தியாவில் வாரன்ட்டி கிடைப்பது சந்தேகம்.

5. வாங்கிய அன்று இரவே சோதியுங்கள்

ஆன்லைனில் மாற்றிக்கொள்ளும் காலம் பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள்தான். பெட்டியைப் பிரிப்பதை செல்போனில் வீடியோ எடுங்கள், சீரியல் எண் தெரியும்படி.

போலிக் கார்டு 128 ஜிபி என்று கம்ப்யூட்டரில் காட்டும். உள்ளே உண்மையில் 16 இருக்கலாம். அது நிரம்பியதும் புதிது பழையதை அழிக்கும், அல்லது எழுதாமலே எழுதியதாகச் சொல்லும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 128 ஜிபிக்கு நல்ல ரீடரில் ஒரு மணி நேரம் ஆகலாம். நடுவில் நிறுத்தாதீர்கள். முதல் சில ஜிபி எந்தப் போலியிலும் சரியாகத்தான் வரும்.

மர்ஃபி டவுனில் என் அறைக்கு ஒரு நண்பர் இரண்டு கார்டு கொண்டுவந்தார். ஒரே பெட்டி, ஒரே லோகோ, ஒரே எழுத்து. மேசை விளக்கில் திருப்பிப் பார்த்தோம். இரண்டிலும் யுஎச்எஸ்-2 என்று அச்சு. ஒன்றின் பின்புறம் இரண்டு வரிசைப் பின், மற்றதில் ஒன்றுதான். மென்பொருளை ஓட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கடையிலேயே, காசு கொடுக்கும் முன், கார்டைத் திருப்பிப் பாருங்கள்.

மென்பொருள் சோதனையில் கார்டு தேறியதும் அதைக் கேமராவில் போட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, நீங்கள் பயன்படுத்தும் உச்ச மோடில் கார்டு நிரம்பும்வரை நிறுத்தாமல் பதியவிடுங்கள். வீட்டுச் சுவரைப் பார்த்து வைக்காதீர்கள். ஜன்னல் வழியே சாலையை, ஆடும் மரத்தைப் பாருங்கள். அசைவு இருந்தால்தான் கேமரா முழு அளவுத் தரவை எழுதும். நான் அந்தக் கல்யாணத்துக்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும், பதிவு வீட்டிலேயே நின்று விஷயம் தெரிந்திருக்கும்.

நேரம்: முதல் வேலைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் வாங்குங்கள். ஆடியில் நம் வீட்டுக் கல்யாணங்கள் இல்லையே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். இந்த ஊரில் கன்னடக் குடும்பங்கள் கல்யாணம் வைக்காத ஆஷாட மாதம் நம் ஆடி முடிவதற்குள்ளேயே முடிந்து சிராவணம் பிறந்துவிடும், முகூர்த்தங்களும் தொடங்கிவிடும்.

6. ரீடரில் கஞ்சத்தனம் வேண்டாம்

256 ஜிபியை யுஎச்எஸ்-2 ரீடரில் 250 மெகாபைட் வேகத்தில் இறக்கினால் 17 நிமிடம். யுஎச்எஸ்-1 ரீடரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் இரண்டு மணி நேரம். லேப்டாப்பில் ஏற்கெனவே உள்ள ஸ்லாட் எந்த வகை என்று தெரியாமல் கார்டைக் குறை சொல்பவர்கள் அதிகம். சிஎஃப்எக்ஸ்பிரஸுக்கு 10 ஜிகாபிட் ரீடரும், அதோடு வந்த கேபிளும் பயன்படுத்துங்கள். செல்போன் சார்ஜர் கேபிளைச் செருகினால் பழைய வேகத்துக்குப் போய்விடும்.

7. வாடகைக்கு எடுப்பது

8கே வேலை வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் கார்டை வாடகைக்கு எடுங்கள். பெங்களூரில் கேமரா வாடகைக் கடைகள் நிறைய. ஆனால் ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். ஆதாரில் திருநெல்வேலி முகவரியோ வேலூர் முகவரியோ இருக்கும், கடைக்காரர் உள்ளூர் முகவரிச் சான்று கேட்பார். வீட்டு வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயரில் கேஸ் அல்லது கரன்ட் பில், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, இவற்றில் எதெல்லாம் இருக்கிறதோ எடுத்துச் செல்லுங்கள். முதல் முறை டெபாசிட் கேட்பார்கள். அசல் ஆதாரைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகலில் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். கார்டின் பின்கள், ஓரங்கள் எல்லாம் தெரியும்படி அங்கேயே படமெடுங்கள். எஸ்டி கார்டில் பின்களுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் கம்பிகள் உடைந்திருந்தால் அந்தக் கார்டை வாங்கவே வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் முன் உங்கள் பதிவுகளை அழிக்க மறக்காதீர்கள். அது இன்னொருவர் வீட்டுக் கல்யாணம்.

8. வேலை நாளில்

இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவதாக வைத்தால் மெதுவான கார்டின் வேகம்தான் இரண்டுக்கும். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகி இரண்டாவது கார்டாக வைப்பவர்கள் இதில் சிக்குகிறார்கள். நிறைந்த கார்டைப் பெட்டியில் முகம் கீழாக வையுங்கள், காலியானதை முகம் மேலாக. உதவிக்கு வரும் தம்பிக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பி கார்டு சூடாக இருக்கும், வெளியே எடுத்ததும் பயப்பட வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகி, இரண்டிலும் ஒரு கோப்பையாவது திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட்.

9. கார்டு கெட்டால்

பதிவு இருக்கும் கார்டு திறக்கவில்லை என்றால் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள், ஃபார்மேட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரன்ட்டியில் புதுக் கார்டு கிடைக்கும், உள்ளே இருந்த கல்யாணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. அதனால் மீட்பு முயற்சியை முடித்த பிறகே வாரன்ட்டிக்கு அனுப்புங்கள். பில், பெட்டி, சீரியல் எண் படம், சோதனை மென்பொருள் காட்டிய பிழையின் படம், இந்த நான்கும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே பதியலாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆணையம் முதலில் கேட்கும் காகிதம் பில்தான். எஸ்.பி. ரோடில் வாங்கும் பில்கள் பெரும்பாலும் வெயில் பட்டால் எழுத்து மறையும் தாளில் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் படமெடுத்துவிடுங்கள்.